படி இறங்கும்போது கிழியும் தசை

படி ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையின் முன்தசைக்குக் கடும் சோதனை. ஏறும்போது அது சுருங்கிக் குறுகுகிறது. இறங்கும்போது உடல் எடையைத் தாங்கச் சுருங்கியபடியே, முழங்கால் மடங்குவதால் நீட்டவும் படுகிறது. அந்த இழுவிசை முழுவதும் தசைச்செல்லின் மெல்லிய சவ்வின் மீது விழுந்தால் சவ்வு கிழிந்துவிடும். அதைக் காப்பது டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம்.

3,685 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. அதன் ஒரு முனை செல்லுக்குள் ஆக்டின் என்னும் புரத இழையைப் பற்றியிருக்கிறது. மறுமுனை டிஸ்ட்ரோகிளைக்கான் என்னும் இன்னொரு புரதத்தைப் பிடித்திருக்கிறது. டிஸ்ட்ரோகிளைக்கான் சவ்வை ஊடுருவி, செல்லுக்கு வெளியே உள்ள லாமினின் என்னும் புரத வலையோடு பிணைந்திருக்கிறது. அதனால் உள்ளே எழும் விசை சவ்வைக் கடந்து அந்த வலைக்குப் போய்விடுகிறது. தசையின் மொத்தப் புரதத்தில் டிஸ்ட்ரோஃபினின் பங்கு சுமார் 0.002 சதவீதம்தான்.

அந்தச் சொற்பமும் இல்லாமல் போனால் வருவதுதான் டூஷேன் தசைச்சிதைவு நோய். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. கிழிந்த சவ்வின் வழியே கால்சியம் உள்ளே புகுந்து, புரதங்களை அரிக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. தசைக்குள் இருக்கவேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி ரத்தத்தில் கசிகிறது. நோயைச் சந்தேகிக்கும் மருத்துவர் முதலில் பார்ப்பது அதன் அளவைத்தான். செல்கள் பழுதுபார்த்துக் களைத்தபின் அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. கெண்டைக்கால் பருத்துத் தெரிவதால், பிள்ளை திடமாக இருக்கிறான் என்று பெற்றோர் நம்பிவிடக்கூடும். இந்நோயின் மிகக் கொடிய ஏமாற்று அது.

டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளின் தசையை வைத்து 1993இல் வெளியான ஆய்வு, சவ்வைக் கிழிப்பது இழுவிசைதான் என்பதை உறுதிசெய்தது. சேதத்தின் அளவைத் தீர்மானித்தது தசை எத்தனை முறை சுருங்கியது என்பதல்ல, சவ்வு தாங்கிய விசைதான். எடை தூக்குவதும் படிகளில் ஓடி இறங்குவதும் இப்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

என்னை மிகவும் வியக்க வைப்பது 1990இல் பதிவான ஒரு நோயாளியின் கதை. டிஸ்ட்ரோஃபினுக்கான மரபணுக் குறியீட்டில் 46 சதவீதம் இல்லாமலே அவர் 61 வயதிலும் நடந்தார். அறுந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு முடிச்சுப் போட்ட கயிறுபோல, அவருடைய புரதம் குட்டையாக இருந்தாலும் இரு முனைகளையும் பற்றியிருந்தது. முனையே அறுந்துவிட்டால் சங்கிலி எவ்வளவு நீளமிருந்தும் பயனில்லை.

இந்நோய்க்கான மரபணு சிகிச்சையில், மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி. என்னும் சிறிய வைரஸில் டிஸ்ட்ரோஃபினின் முழுக் குறியீடு அடங்காது. எனவே நடுவிலுள்ள 24 சுருள் கண்ணிகளில் நான்கை மட்டும் வைத்துக் குறும்புரதம் ஒன்றை வடிவமைத்தார்கள். 2023 ஜூனில் அமெரிக்கா அந்தச் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. ஆனால் போலிமருந்தோடு ஒப்பிட்ட பெரிய பரிசோதனை, அதே ஆண்டில் தன் முதன்மை இலக்கை எட்டத் தவறியது. 2025இல், சிகிச்சை பெற்ற, நடக்க இயலாத இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். கண்ணிகளைத் தேர்வதோடு, அவற்றைக் கொண்டுசேர்க்கும் வைரஸை உடலில் குறைவான எண்ணிக்கையில் செலுத்தும் வழியையும் இப்போது தேடுகிறார்கள்.