இரும்புச்சத்து ஏற்றும்போது எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

மாத்திரை ஒத்துக்கொள்ளாத, அல்லது பிரசவம் நெருங்கியும் ரத்தசோகை குறையாத கர்ப்பிணிகளுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுகிறோம். கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களில் இதைத் தவிர்க்கிறோம். மகப்பேறு மருத்துவராக இந்தச் சிகிச்சையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். என் கவலையெல்லாம் பெண்களின் பொறுமையைப் பற்றியதுதான்.

"ஊசி குத்திய இடம் எரிகிறதா?" என்று கேட்டால், "லேசாகத்தான் டாக்டர், பரவாயில்லை" என்பார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது. மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலுக்கடியில் பழுப்புக் கறை படியும். அது மறைய மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு மறையாமலே போய்விடும். அதைப் போக்க எளிய மருத்துவம் கிடையாது. அதனால் எரிச்சலோ வீக்கமோ இறுக்கமோ தெரிந்த நொடியே செவிலியரை அழைத்து, ட்ரிப்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கையை அதிகம் அசைக்காதீர்கள்.

வாயில் உலோகச் சுவை, குமட்டல், தலைவலி போன்றவை வந்து போகும். சிலருக்கு மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, நெஞ்சும் முதுகும் இறுகும். பயமாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் குறையாமல், மூச்சுத்திணறலும் இல்லாமல் இது மட்டும் வந்தால், மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். பிறகு மருத்துவர் பார்த்து, மெதுவாக மீண்டும் தொடங்கலாம்.

மூச்சுத்திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை வேறு வகை. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் வந்தால் தாயின் ரத்த அழுத்தம் சரியும், குழந்தையின் இதயத்துடிப்பும் குறையலாம். ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்தவர்களும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் இந்த மருந்தை ஏற்ற வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். முடிந்த பிறகும் 30 நிமிடம் உட்காரவைக்கிறோம். வீட்டில் வேலை கிடக்கிறது என்று அதற்குள் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்த ஓரிரு நாட்களில் லேசான காய்ச்சல், மூட்டுவலி, உடல்வலி வரலாம். சில நாட்களில் சரியாகிவிடும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்புச்சத்து மருந்து ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பின் அளவைக் குறைக்கக்கூடும். அதைப் பலமுறை ஏற்றிக்கொண்டவர்களுக்குத் தசை பலவீனமோ எலும்புவலியோ தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை தேவை.

ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, இப்போதுள்ள காய்ச்சல் அல்லது கிருமித்தொற்று, முன்பு இரும்பு ஏற்றியபோது நேர்ந்த தொல்லை இவற்றில் எது இருந்தாலும், ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.