புது வீடு பூனைக்கு எப்போது வீடாகிறது?

சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தாலும், நாம் வந்து சேர்வதற்குள் பூனை திண்ணையில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும் என்பார்கள். கதை கொஞ்சம் மிகைதான். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. அது தெரியாமல் பூனையோடு வீடு மாறினால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் பார்த்தேன்.

மாம்பலத்தில் தரைத்தளத்து வீட்டிலிருந்து மேடவாக்கம் பக்கம் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தோம். சாமான் எல்லாம் இறக்கியானதும் பட்டாணியின் கூடையை நடு ஹாலில் வைத்துத் திறந்தேன். நாலு வருஷமாக என் தலையணையில் தூங்கும் பூனை. வயிறு தரையில் உரச, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, சுவரோரமாகவே ஊர்ந்து போய்ப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்துகொண்டது. கூப்பிட்டால் யாரோ எவரோ என்று பார்த்தது. கண்ணின் கறுப்பு முழுக்க விரிந்து, மஞ்சள் நிறமே தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மணல் தட்டுப் பக்கமும் வரவில்லை.

நடு ஹாலில் திறந்துவிட்டதுதான் நான் செய்த தவறு. அது ஏன் தவறு என்று புரிய, பழைய வீட்டுச் சமையலறை வாசல் நிலைக்குப் போக வேண்டும்.

அந்த நிலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்பாக ஓர் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. வீடு காலி செய்த அன்று வீட்டுக்காரர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இவ்வளவு அழுக்கு?" என்றார். பட்டாணி நாலு வருஷமாகக் கன்னத்தைத் தேய்த்த இடம் அது. பூனைக்குக் கன்னம், தாடை, உதட்டோரம், வாலடி, பாதத்தில் மெத்தைகளுக்கு இடையிலான இடுக்கு என்று பல இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. போகிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூலை எதுவானாலும், மேஜைக்கால், கதவு நிலை, நம் முழங்கால், அதில் கன்னத்தை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போகும். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. 1990களில் பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பாட்ரிக் பஜா இந்த முகச் சுரப்புகளைப் பிரித்துப் பார்த்து, அதில் ஐந்து கலவைகள் இருப்பதாக வகைப்படுத்தினார். மூன்றாவது கலவை பொருள்கள்மேல் பூசுவதற்கு. "இது தெரிந்த இடம், இங்கே பயமில்லை" என்பதுதான் அதன் செய்தி. நான்காவது, பழகிய பூனைகள்மேலும் நம்மைப் போன்ற கூட்டாளிகள்மேலும் பூசுவதற்கு. இப்படிக் கன்னம் தேய்த்த இடத்தில் பூனை பெரும்பாலும் சிறுநீர் பீய்ச்சுவதில்லை என்பதையும் அவர் கவனித்தார்.

இந்தக் கடிதப் போக்குவரத்து எதற்கு? நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்று, தன் எல்லைக்குள் தனியாகத் திரிந்த பிராணி. பக்கத்து எல்லைக்காரனோடு நேருக்கு நேர் மோதிக் காயப்பட்டால் உதவிக்கு ஆளில்லை. அதனால் ஆள் இல்லாமலே செய்தி சொல்ல வாசனைதான் தோது. ஆனால் வாசனை ஆவியாகிவிடும். வாசலில் கோலம் மாதிரி அதைத் தினமும் புதுப்பிக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது காலில் உரசுகிறதே, அதில் பாசமும் உண்டு, கோலம் போடும் வேலையும் உண்டு.

எழுதியதைப் படிக்க மூக்கு மட்டும் போதாது. மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. அவை வாசனைச் செய்திகளைப் படிக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகும் வழி. பூனை சில சமயம் ஒன்றை மோந்துவிட்டு வாயை அரைகுறையாகத் திறந்து, ஊசிப்போன சாம்பாரைக் கண்டதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும். அருவருப்பு இல்லை, காற்றை அந்தத் துளைகளுக்குள் அனுப்பிப் படித்துக்கொண்டிருக்கிறது.

வாசனை ஒரு பக்கம் இருக்க, மூளைக்குள் இன்னொரு வரைபடம் ஓடுகிறது. லண்டனில் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971ல் எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் விசித்திரமான சில நரம்பணுக்களைக் கண்டார். ஒன்று எலி அறையின் ஒரு மூலைக்குப் போனால் மட்டும் துடிக்கும், வேறொன்று இன்னொரு மூலையில் மட்டும். 2014ல் மோசர் தம்பதியோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான். எலியை வேறோர் அறைக்கு மாற்றினால் பழைய ஒழுங்கு கலைந்து, அதே அணுக்கள் வேறு விதமாகத் துடிக்கத் தொடங்குகின்றன. சோதனை எலியில் நடந்தது என்றாலும், ஹிப்போகாம்பஸ் பாலூட்டிகளுக்குப் பொதுச் சொத்து. எலி வந்தால் எந்த வழியாக ஓடும், நாய் வந்தால் எந்த ஜன்னலில் ஏறலாம் என்பதெல்லாம் பட்டாணிக்கு மாம்பலத்தில் அத்துப்படி. மேடவாக்கத்தில் அத்தனையும் ஒரே மதியத்தில் செல்லாக்காசு.

போதாததற்கு நான் வீட்டை முதல் நாளே பினாயில் ஊற்றிப் பளிச்சென்று கழுவி வைத்திருந்தேன். பால் காய்ச்சுகிற வீடாயிற்றே! பூனை மூக்குக்கு அது எல்லா வாசனையையும் மூடிவிடும் சத்தம். அதைவிட மோசம், பீனால் வகை ரசாயனங்கள் பூனைக்கு விஷம். இவற்றைக் கல்லீரலில் வேறொரு பொருளோடு கோத்து வெளியேற்ற ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணுக்களில் முக்கியமான ஒன்று பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது. கறியை மட்டும் தின்கிற பிராணி, செடிகளின் நச்சை முறிக்க வேண்டிய தேவையே இல்லாமல் அதைத் தொலைத்துவிட்டது என்பது ஒரு விளக்கம். ஈரத் தரையில் நடந்து, அப்புறம் பாதத்தை நக்கினால் பினாயில் நேராக வயிற்றுக்குப் போகிறது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் இதே குறைதான் பெரிய காரணம். புது வீட்டை வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். அதிகம் போனால் கொஞ்சம் சோப்பு, நன்றாக அலசி.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? ஹாலுக்குப் பதில் ஒரே ஓர் அறை. சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் வருவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய சின்ன அறை. அதற்குள் பூனையின் பழைய சாமான்கள், துவைக்காமல். இதில் நம் வீட்டுச் சுத்தக்காரர்களோடு சண்டை வரும், பரவாயில்லை. அது படுத்த அழுக்குப் போர்வை, கீறிக் கந்தலான மிதியடி, நாம் போட்டுக் கழற்றிய பனியன், பழைய மணல் தட்டிலிருந்து ஒரு கரண்டி மணல். 1,000 சதுர அடியை ஒரே மூச்சில் வரைய முடியாத பூனை, 80 சதுர அடியை வரைந்துவிடும். சாப்பாடு ஒரு மூலையில், மணல் தட்டு எதிர் மூலையில்.

அப்புறம் ஒளிய ஓர் இடம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது எலியை விடப் பூனைக்குத்தான் பொருந்தும். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டால் போதும். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒரு பாதிக்கு ஒளியும் பெட்டி கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. 2014ல் வெளியான அந்த ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் முதல் சில நாட்களிலேயே தெளிவாகக் குறைந்தது. ஒளிந்த பூனையை "வா வா" என்று இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவது நமக்குத்தான் ஆறுதல். தான் பார்க்கலாம், தன்னை யாரும் பார்க்க முடியாது என்ற நிலையில்தான் அதன் மன அழுத்தச் சுரப்பு இறங்கத் தொடங்கும். நான் பட்டாணியைச் சந்திலிருந்து இரண்டு முறை இழுத்தேன். கையில் தழும்பு இருக்கிறது.

ஒளிந்திருக்கும்போது பூனை காதால் வீட்டைப் படிக்கிறது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு காது மூடிக்கொள்கிறது, பூனைக்கு 85 வரை கேட்கும். லிஃப்ட், இன்வெர்ட்டர், மேல் வீட்டு மிக்ஸி என ஒவ்வொன்றையும் கேட்டு, ஆபத்தில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். நம் குரல் அங்கே உதவும். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2021ல் வெளியானது. அறைக்கு வெளியே ஒரு ஸ்பீக்கரில் எஜமானரின் குரல், உடனே எதிர்ப்புறத்து ஸ்பீக்கரில் அதே குரல். பூனைகள் திடுக்கிட்டன. ஆள் எங்கே இருக்கிறார் என்று காதாலேயே மனதில் குறித்து வைத்திருந்ததால்தான் அந்த ஆச்சரியம். ஆக, பூனையின் வரைபடத்தில் நாமும் ஒரு புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்தால்கூடப் போதும்.

கடையில் விற்கும், செயற்கைக் கன்னச் சுரப்பைப் பரப்பும் கருவிகள் சில பூனைகளிடம் பலிக்கின்றன, ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. நம்மூர்க் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் அதில் உருண்டு புரளும். ஆனால் அது கொஞ்ச நேரக் குஷி, வீடு பழக்காது.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. முதலாவது பட்டினி. பூனை சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவியும். குண்டுப் பூனைக்கு இது சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கும். ஒரு முழு நாள் தாண்டியும் ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது சிறுநீர். பதற்றத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவது பூனையிடம் சகஜம். கடுவன் மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

இனி அந்தச் சாக்குக் கதை. 1922ல் பிரான்சிஸ் ஹெரிக் என்ற அமெரிக்க விலங்கியலாளர் உண்மையிலேயே இதைச் செய்து பார்த்தார். குட்டி போட்ட தாய்ப்பூனையைக் கண் தெரியாதபடி எடுத்துப்போய்ப் பல திசைகளில் விட்டார். சில மைல் தூரம் வரை திரும்பி வந்தது, ரொம்பத் தள்ளி விட்டபோது வரவில்லை. 1954ல் ஜெர்மனியில் நடந்த புதிர்ப்பாதைச் சோதனையிலும், வீடு சுமார் 5 கிலோமீட்டருக்குள் இருந்தபோதுதான் பூனைகள் திசையை நன்றாகக் கணித்தன. இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு மாறுவதைவிட, பக்கத்துத் தெருவுக்கு மாறுவதுதான் ஆபத்து. கதவு திறந்தால் பூனை பழைய வீட்டுக்கே கிளம்பும், நடுவில் மெயின் ரோடும் தெருநாய்களும். மூன்று நான்கு வாரம் வெளியே விடாமல் இருப்பது அதனால்தான். மாடி வீடென்றால் பால்கனிக்கு வலை. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் 90 சதவீதம் பிழைத்தன என்று 1987ல் வெளியான ஆய்வு சொன்னதை நம்பி ஏமாறக்கூடாது. விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் இல்லை.

தப்பிப் போய்விட்டதா? ஊரெல்லாம் தேடாதீர்கள். காணாமல்போன 1,200க்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018ல் வெளியான ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால் பங்கு தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. கார் அடியில், மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூம் பின்னால், ராத்திரி தெரு அடங்கிய பிறகு டார்ச்சோடு பாருங்கள்.

பட்டாணி மூன்றாம் நாள் விடியற்காலை சந்திலிருந்து வெளியே வந்தது. முதலில் கன்னம் தேய்த்தது என் காலில்கூட இல்லை, சாமான் வந்த ஒரு காலி அட்டைப்பெட்டியின் மூலையில். ஒரு தரம், திரும்பி இன்னொரு தரம். நாலைந்து நாள் கழித்துத்தான் கதவு நிலைக்கு வந்தது. பெட்டி இன்னும் ஹாலிலேயே கிடக்கிறது. பழைய பேப்பர்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாயிற்று.