இரண்டாவது கிளிக்கில் மட்டும் மெயில் ஏன் வருகிறது?

"தண்டர்பேர்டைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அடுத்த முறை பிழைச்செய்தி வருகிறது. மறுபடி அழுத்தினால் மெயில் வந்துவிடுகிறது. எங்கே கோளாறு?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். தண்டர்பேர்ட் என்பது கணினியில் மெயில் படிக்கும் செயலி.

பாஸ்வேர்டோ போர்ட் எண்ணோ (சர்வரில் எந்த வாசலைத் தட்டுவது என்று சொல்லும் எண்: மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறையான ஐமேப்புக்கு 993, அனுப்ப 465 அல்லது 587) தவறாக இருந்தால் எப்போதுமே வேலை செய்யாது. சர்வர் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி சொல்லும் இணைய டைரக்டரி) இரண்டு முகவரிகள் இருந்து, ஒன்றின் பாதுகாப்புச் சான்றிதழ் மட்டும் காலாவதியாகியிருந்தால் விட்டுவிட்டுப் பிழை வரும். ஆனால் 'தொடாமல் விட்டால்' என்கிறாரே, அதுதான் துப்பு.

டிசிபி இணைப்பு (இரு கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளும் வழி) என்பது இரு முனைகளின் ஞாபகம், அவ்வளவுதான். பேச ஒன்றுமில்லாதபோது கம்பியில் ஒரு பைட்கூட ஓடாது. மணிக்கணக்கில் அப்படிக் கிடந்தாலும் இணைப்பு செத்துவிடாது. நடுவில் ரவுட்டர் வந்ததும்தான் சிக்கல். 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியைப் பொதுமுகவரியாக மாற்ற, அது இணைப்புக்கு ஒரு வரியாக அட்டவணையில் எழுதி வைக்கிறது. வரிக்கு ஒரு டைமர். அது தீர்ந்தால் வரி அழியும். அழித்ததை ரவுட்டர் யாரிடமும் சொல்லாது. இரு முனைகளும் இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

இப்போது நீங்கள் கிளிக் செய்கிறீர்கள். மெயில் செயலி பழைய இணைப்பிலேயே கட்டளையை அனுப்புகிறது. ரவுட்டர் அதை மறுத்தால் உடனே பிழை. சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டால், கணினி இடைவெளியை இரட்டித்து இரட்டித்துத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். தண்டர்பேர்டின் பொறுமை 100 வினாடி. பிறகு கைவிடும். அடுத்த கிளிக்கில் புது இணைப்பு, அட்டவணையில் புது வரி. மெயில் வருகிறது!

ஐமேப்பில் 'ஐடில்' என்றொரு கட்டளை உண்டு: புது மெயில் வந்தால் சொல் என்று சர்வரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது 1997ஆம் ஆண்டின் வரையறை, ஏனென்றால் சர்வர் 30 நிமிடத்தில் வெளியேற்றிவிடலாம். ரவுட்டர்கள் நிலைபெற்ற இணைப்பை 2 மணி 4 நிமிடமாவது மறக்கக்கூடாது என்று 2008இல் இன்னொரு விதி வந்தது. டிசிபி உயிர்ச்சோதனையின் (எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) வழக்கமான இடைவெளி 2 மணி நேரம். அதற்கு மேல் நாலு நிமிடம் சலுகை. அழகான கணக்கு. இதை மதிக்காத மலிவு ரவுட்டர்கள்தான் நம் பொழுதைத் தின்கின்றன.

சோதிப்பது எளிது. தண்டர்பேர்டின் சர்வர் அமைப்பில் புது மெயிலை உடனே அறிவிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, 5 நிமிடத்துக்கொருமுறை பார்க்கும்படி வையுங்கள். பிழை நின்றால் குற்றவாளி அந்த டைமர்தான். மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் ஒருமுறை பாருங்கள். ஆனால் அங்கேயும் பிழை வந்தால் வீட்டு ரவுட்டர் நிரபராதி என்று அர்த்தமில்லை; மொபைல் நிறுவனங்களின் முகவரி மாற்றிகளும் சீக்கிரம் மறப்பவை.

டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஐடிலில் 2 நிமிடத்துக்கொருமுறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுப்பதால் இந்த மறதிக்குப் பெரும்பாலும் தப்பும். அங்கே தொல்லை வேறு. ஒரே பயனர், ஒரே முகவரி என்றால் 10 இணைப்புதான் வழக்கமான வரம்பு. தண்டர்பேர்ட் 5 வரை வைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மூடித் திறந்தால் பழைய 5 சர்வரின் கணக்கில் பேயாக நிற்கும். புதிய 5 சேர்ந்ததும் பத்து நிறைந்துவிடும். அதே வைஃபையில் உள்ள உங்கள் போனுக்கு இடமில்லை. லினக்ஸ் சர்வர் பதிலில்லாத இணைப்பைக் கைவிடச் சுமார் 15 நிமிடம்வரை ஆகலாம். 'தானாகச் சரியாகிவிட்டது' என்பதன் மர்மம் இதுதான்.

அகௌண்டை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பது ஒரு மூடநம்பிக்கை. இணைப்புகள் புதிதாவதால் பலிப்பதுபோல் தெரியும், அவ்வளவே. மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில் இதைச் செய்தால் இறக்கி வைத்த மெயில்களே போய்விடலாம். அதற்குப் பதில், சேமிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையை 5இலிருந்து 2 ஆக்குங்கள். சர்வர் உங்கள் கையில் இருந்தால் 'டவ்அட்மின் ஹூ' (doveadm who) கட்டளை யாருக்கு எத்தனை இணைப்பு என்று காட்டும். பேய்கள் பெருகியிருந்தால் வரம்பை 20 ஆக்கி, உயிர்ச்சோதனை இடைவெளியை 7200 வினாடியிலிருந்து 300க்கு இறக்குங்கள்.