கண்ணைக் காட்ட வந்தவரிடம் இடுப்பைக் கேட்டேன்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் இளைஞர் அவர். ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாகக் கண் சிவந்திருந்தது. முதல் இரண்டு தடவையும் ‘மெட்ராஸ் ஐ’ என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். எழும்பூர் கண் மருத்துவமனை 1819-லேயே தொடங்கப்பட்ட சென்னை இது. ஆனாலும் கண் சிவந்தால் கால் மருந்துக் கடைக்குத்தான் போகிறது.

மெட்ராஸ் ஐ என்றால் பூளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றும். இவருக்குப் பூளையே இல்லை. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு, உள்ளே குடையும் வலி, ஏலம் நடக்கும் இடத்து விளக்கைக்கூடப் பார்க்க முடியாத கூச்சம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தேன். கண்ணின் முன்னறை நீரில் வெள்ளணுக்கள் மிதந்தன. கண் பாப்பாவின் விளிம்பு ஓரிடத்தில் லென்ஸோடு ஒட்டி வட்டம் கோணியிருந்தது. யுவியைடிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி.

“காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்கிறதா?” என்றேன்.

“பெட்டி தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா சார்?”

நியாயமான கேள்விதான். ஆனால் சுமையால் வரும் வலி படுத்தால் குறையும். இவருக்குப் படுத்தால் கூடுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, நாலு பெட்டி தூக்கியதும் பிடிப்பு தளர்கிறது! காசநோயும் கண்ணில் இப்படி வரும் என்பதால் முதலில் அதற்கான சோதனைகளைச் செய்தோம். பிறகு மூட்டுநோய் மருத்துவரிடம் அனுப்பினேன். இரத்தத்தில், இத்தகைய முதுகு நோயோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மரபு அடையாளம் இருந்தது; ஸ்கேனில், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளில் அழற்சி. முதுகெலும்பை மெல்ல இறுகவைக்கும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று முடிவானது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இது. முதுகெலும்பு இறுகிப்போவதற்கு முன்பே கண் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் வாங்கிய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. இதற்கு நாங்கள் கொடுப்பதும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு பார்த்து, கண் அழுத்தம் பார்த்து. அளவில்லாமல் போட்டால் கண் அழுத்த நோயும் புரையும் வரும்.

இத்தகைய நோய்கள் எல்லாம் கண்ணில் இப்படிச் சிவப்பாக வருவதில்லை. மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று வரும் நடுத்தர வயதுப் பெண்களிடம், டீயில் நனைக்காமல் பன் சாப்பிட முடிகிறதா என்று கேட்பேன். முடியவில்லை என்றால் கண்ணீரோடு உமிழ்நீரும் வற்றும் ஷோக்ரன் நோயைச் சந்தேகிப்பேன். முடக்குவாதம் உள்ளவருக்கு நள்ளிரவில் எழுப்பும் கண்வலி வந்தால் அன்றே வர வேண்டும். குழந்தைகள் விஷயம்தான் எனக்குப் பயம்: மூட்டுவாதம் உள்ள குழந்தையின் கண் சிவக்காமல், வலிக்காமல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். முழங்கால் வீக்கம் வாரக்கணக்கில் வடியாத குழந்தைக்கு, பார்வை நன்றாக இருந்தாலும் கண் பரிசோதனை வேண்டும்.

காசிமேட்டுக்காரர் இப்போது கண் சிவக்கும்வரை காத்திருப்பதில்லை. வெளிச்சம் கூசிய அன்றே வருகிறார், வீட்டிலிருக்கும் சொட்டு மருந்து பாட்டிலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.