லைன்ஸ்ட்ரிங்: சரமா, கோடா?

சாலை, ஆறு, ரயில் பாதை என்று நீளமாகப் போகும் எதையும் வரைபட மென்பொருள்கள் பெரும்பாலும் லைன்ஸ்ட்ரிங் என்ற வடிவமாகத்தான் சேமிக்கின்றன. புள்ளிகளை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த இரண்டை நேர்கோட்டால் இணைத்துக்கொண்டே போனால் கிடைக்கும் கோடு அது. இரண்டே புள்ளிகள் இருந்தால் அது வெறும் லைன். கிளம்பிய இடத்துக்கே வந்து, தன்னைத்தானே வெட்டாமல் மூடிக்கொண்டால் லீனியர்ரிங். புவியிடத் தரவுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஓஜிசி அமைப்பு இப்படித்தான் பிரிக்கிறது.

சொல்லின் வேர் அழகானது. 'லைன்' லத்தீனின் 'லீனியா'விலிருந்து வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல் என்று பொருள். ஆளிக்கு லத்தீனில் 'லீனம்'. நம் கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதும் இதே எண்ணம்தான்: இழுத்துக் கட்டிய நூலே கோடு. 'ஸ்ட்ரிங்' என்பதும் கயிறுதான். ஆக, லைன்ஸ்ட்ரிங்கில் நூல் இரண்டு முறை வருகிறது!

சரி, தமிழில்? 'கோட்டுச்சரம்' என்று சொல்லத் தோன்றும். பூச்சரம், முத்துச்சரம் போலப் புள்ளிகளைக் கோத்த சரம், உவமை கச்சிதம். ஆனால் நிரலாக்கத்தில் எழுத்துகளின் தொடரையும் 'சரம்' என்றே எழுதுகிறோம். 'கோட்டுச்சரத்தைச் சரமாக மாற்று' என்று படிப்பவர் குழம்பிப் போவார். இந்த மாற்றமோ அன்றாடம் நடப்பது. இடத்தரவுகளைக் கையாளும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி_ஆஸ்டெக்ஸ்ட் என்ற செயற்கூறு, பைத்தான் மொழியில் வடிவங்களைக் கையாளும் ஷேப்லி நூலகத்தில் டபிள்யூகேடி என்ற பண்பு, இரண்டும் வடிவத்தை இப்படி உரையாக்கித் தரும்:

லைன்ஸ்ட்ரிங் (80.27 13.08, 78.70 10.79, 78.12 9.93)

சென்னை, திருச்சி, மதுரை. புள்ளிக்குள் இடைவெளி, புள்ளிகளுக்கு நடுவே காற்புள்ளி. முதலில் தீர்க்கரேகை, அப்புறம்தான் அட்சரேகை. பேச்சில் நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியதால் இங்கே கை தவறும். மாற்றிப் போட்டால் சென்னை, சுவால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

'சரம்' இப்படிக் குழப்புவதால் லைன்ஸ்ட்ரிங்கை நான் 'தொடர்கோடு' என்றே எழுதுகிறேன். தமிழ்த் தொகைச்சொல்லில் தலைமைப் பொருள் கடைசியில் நிற்கும். இங்கே தலைமை கோடுதான், சரம் அல்ல. இதே வடிவத்தின் இன்னொரு பெயரான பாலிலைனுக்குச் சொல்லப்படும் 'பல்கோடு' எனக்கு ஒப்பவில்லை. தனித்தனியான பல கோடுகள் என்று அது நினைக்க வைக்கிறது. அந்தப் பொருளுக்கு மல்டிலைன்ஸ்ட்ரிங் என்று வேறு வடிவமே இருக்கிறது. அதைத் 'தொடர்கோட்டுத் தொகுதி' எனலாம்.