குடிகாரரா, குடிநோயாளியா?

கடை நடத்துபவர் கடைக்காரர், வண்டி ஓட்டுபவர் வண்டிக்காரர். காய்ச்சல் வந்தவரை யாரும் காய்ச்சல்காரர் என்பதில்லை. ஆனால் குடியை விட முடியாமல் தவிப்பவர் மட்டும் ஊருக்கே ‘குடிகாரன்’. அவர் மகள்கூடக் ‘குடிகாரன் பொண்ணு’தான்.

வெறும் சொல்தானே என்று தோன்றலாம். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஜான் கெல்லியும் கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃபும் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். மனநலத் துறையினர் 500க்கும் மேற்பட்டோரிடம் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்தார்கள். நீதிமன்றம் அனுப்பிச் சிகிச்சைக்கு வரும் ஒருவர், அதன் விதிகளைக் கடைப்பிடிக்க முடியாமல் திணறுகிறார். கதை எல்லோருக்கும் ஒன்றுதான். சிலருடைய தாளில் அவர் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’, மற்றவர்கள் தாளில் ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. முதல் தாளைப் படித்தவர்கள்தான் ‘தப்பு அவருடையது, தண்டிக்கலாம்’ என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் சிகிச்சை தரும் துறையில் இருப்பவர்கள். என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

வெளியிலிருந்து வரும் சொல் மெல்ல உள்ளே இறங்கும். முதலில் ஊர் சொல்கிறது என்று தெரியும். அப்புறம் ஊர் சொல்வது சரிதான் என்று படும். கடைசியில் ‘நான் அப்படித்தான், முயற்சி செய்து என்ன ஆகப்போகிறது’ என்று மனம் விட்டுப்போகும். அந்த அவமானத்தை மறக்கத் தெரிந்த வழி மறுபடி ஒரு குவார்ட்டர்.

சரி, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய அதன் கூட்டங்களில் வருபவர்கள் தாமாகவே எழுந்து ‘நான் ஒரு குடிநோயாளி’ என்கிறார்களே? அங்கே அந்தச் சொல்லை யாரும் அவர்மேல் எறியவில்லை. அவரே எடுத்துக்கொள்கிறார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் அதையே சொன்னவர்கள், அவர்களில் பலர் குடிக்காமல் வருடங்களைக் கடந்தவர்கள். அதனால் அந்த அறையில் அது ‘எங்களில் ஒருவர்’ என்று பொருள்படுகிறது. வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர் வேண்டாம், ‘மீண்டு வருபவர்’ என்றால் போதும் என்பவர்களும் உண்டு. அவரவர் தேர்வு அது, மற்றவர்கள் திணிக்கக் கூடாது.

சொல்லின் வேலை நன்றாகத் தெரிவது, ஆறு மாதம் விட்டிருந்தவர் ஒருநாள் குடித்துவிடும்போது. குடிகாரன் என்றால், ‘பார்த்தியா, புத்தி மாறுமா’ என்று வீடு கதவைச் சாத்தும். நோய் என்றால், திரும்ப வந்துவிட்டது என்று மறுநாள் காலையிலேயே மனைவி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டோக்கன் போடுவார்.