பயோஎத்திக்ஸுக்குத் தமிழில் என்ன?

உயிர்களை நடத்துவதில் எது சரி, எது தவறு என்று ஆராயும் துறை பயோஎத்திக்ஸ். ‘பயோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வாழ்வு. ‘எதோஸ்’ என்றால் வழக்கம், குணம். இரண்டும் பழைய சொற்கள், ஒட்டிய ஒட்டுதான் புதுசு. 1927இல் ஜெர்மனியின் ஹாலே நகரப் பாதிரியார் ஃபிரிட்ஸ் யார் (பெயரே ‘யார்’தான், கேள்வி இல்லை) ஒரு கட்டுரைக்கு ‘பயோ-எத்திக்’ என்று தலைப்பு வைத்தார். அதில் மருத்துவமனைப் பேச்சு இல்லை. விலங்குகளிடமும் செடிகொடிகளிடமும் மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

அதை அப்போது அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1970இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துவந்த வான் ரென்சலர் பாட்டர் மறுபடி இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். மனிதகுலம் பிழைத்திருக்க உயிரியல் அறிவோடு அறமும் சேரவேண்டும் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே ஹெல்லெகர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் தொடங்கிய நிறுவனம் இதே சொல்லை மருத்துவத்துக்கு எடுத்துக்கொண்டது. பொருள் சுருங்கிப்போனதில் பாட்டருக்கு மனக்குறை. 1988இல் ‘உலகளாவிய’ என்ற அடைமொழியைச் சேர்த்து இன்னொரு புத்தகம் எழுதிப் பார்த்தார்.

சுருங்கியதற்குக் காரணம் இயந்திரங்கள். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையிலேயே பொருத்திவைக்கும் குழாயைச் செய்தார். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய முடியும் என்றானது. ஆனால் கருவிகள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஊர்ப் பொதுமக்களிலிருந்து ஒரு குழு உட்கார்ந்தது. குடும்பம் உண்டா, வேலை உண்டா என்றெல்லாம் அலசினார்கள். கருவி வராதவரை அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

தத்துவத்திலும் மருத்துவத்திலும் பட்டம் வாங்கிய டிரிஸ்ட்ரம் எங்கல்ஹார்ட் (1941–2018) இந்தத் துறைக்குப் பொருத்தமான ஆள். ஒரே அறத்தைப் பகிராத அந்நியர்கள் ஒரே மருத்துவமனையில் சந்திக்கிறார்கள், அங்கே எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒருவர் மற்றவரிடம் இசைவு கேட்பதுதான் என்றார் அவர். சரி, கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நம் ராமநாதபுரக் கரையில் ஒருவரை ஐசியூவில் சேர்த்தால் மகன் கடலில் இருப்பார், மருமகன் துபாயில் இருப்பார், கையெழுத்துப் போடுவது மச்சான். ‘உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான்’ என்று மருத்துவத்தை நான்காகப் பிரித்த குறள் (950), பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறது. எங்கல்ஹார்ட்டின் கணக்கில் அந்த நான்காவது ஆளுக்கு இடம் கம்மி என்பது என் எண்ணம்.

இனி தமிழ்ப் பெயர். ‘உயிரியல் அறவியல்’ எனக்கு ஒப்பவில்லை. உயிரியல் என்பது ஒரு பாடம். அதைச் சேர்த்தால் அந்தப் பாடம் படித்தவர்களுக்கான ஒழுக்கவிதி போல ஆகிவிடுகிறது. ‘பயோஸ்’ பாடம் இல்லை, வாழ்வு. அதனால் ‘உயிரறவியல்’ என்பதே சரியாக அமைகிறது. தமிழில் ‘உயிர்’ என்றால் மனித உயிர் மட்டும் இல்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிற தொல்காப்பியம், ‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ என்கிறது. நந்து சங்கு, நத்தை வகை. முரள் இப்பி, கிளிஞ்சல் வகை. கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர் மூழ்கி எடுப்பதும் ஓர் ஈரறிவுயிரைத்தான். 2001இல் பிடிக்கத் தடை வந்த கடல் அட்டையைப் பற்றிப் பாம்பன், மண்டபம் பக்கம் பேச்சு வரும்போது, பிழைப்பு ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம் என்று வாதம் நடக்கும். ஃபிரிட்ஸ் யார் தொடங்கிவைத்ததும் இதே வாதத்தைத்தான்.

அப்படியானால் மருத்துவமனைக்குள் நடப்பதற்கு? அதற்கு ‘மருத்துவ அறம்’ போதும், புதிதாக எதையும் தேட வேண்டாம். அந்த அறம் தவறினால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை போட்டிருக்கிறது. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மாத்திரையும் தருகிற ‘தவா–துஆ’ ஏற்பாடும் பின்னால் வந்தது. தவா மருந்து, துஆ பிரார்த்தனை. எதையும் விடச் சொல்லாமல் இரண்டையும் ஒன்றாகத் தருகிறார்கள். எங்கல்ஹார்ட் சொன்ன அந்நியர்கள் நடைமுறையில் ஒத்துப்போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதன் ஆய்வாளரை ‘உயிரறவியலாளர்’ எனலாம். மருத்துவக் கல்லூரிகளில் ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற எத்திக்ஸ் கமிட்டிக்கு மட்டும் ‘நெறிமுறைக் குழு’ இருக்கட்டும், அவர்கள் பார்ப்பது விதிகளைத்தானே. ‘அறக்குழு’ என்று பலகை மாட்டினால் நம் ஊரில் நன்கொடை கேட்டு வந்துவிடுவார்கள்.